பாலாற்றில் இல்லாத தண்ணீர் பிலிமில் இருக்கிறது: வேலூரில் பெரோவ்ஸ்கைட் பூசுவது பற்றி

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஆற்றில் காணாமல் போன தண்ணீர் எங்கே என்று பெரோவ்ஸ்கைட்டை (சூரிய ஒளியை மின்சாரமாக்கும் ஒரு படிகப் பொருள்) கண்ணாடியில் மெல்லிய பிலிமாகப் பூசுகிறவர்களைக் கேட்டால் உடனே பதில் வரும்: காற்றில் இருக்கிறது, அங்கிருந்து நேரே பிலிமுக்குள் இறங்குகிறது.

2009இல் ஜப்பானில் மியாசகா குழு 3.8 சதவீத மின்மாற்றுத் திறனில் தொடங்கிவைத்த பெரோவ்ஸ்கைட் சோலார் செல் இன்று சிறு பரப்பில் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அந்த எண்களைப் பார்த்துவிட்டு அதே கலவையை எடைபோட்டு, அதே வேகத்தில் சுழற்றி, இங்கே பூசினால் பாதி நாள் சாம்பல் படிந்த பிலிம்தான் கிடைக்கும். உடனே கை அடுத்த சேர்மானத்தைத் தேடிப் போகிறது: பொட்டாசியம் அயோடைடு, தயோசயனேட், ஏதோ ஒரு பாலிமர். எங்கள் அனுபவத்தில் பத்துக்கு எட்டு முறை கோளாறு அங்கே இருப்பதில்லை. கண்ணாடி ஹாட்பிளேட்டில் ஏறுவதற்கு முந்தைய முப்பது விநாடியிலேயே பிலிமின் தலையெழுத்து முடிந்துவிடுகிறது. அதை எழுதுவது காற்று, கண்ணாடி, கரைசல் ஆகிய மூன்றும்தான். க்ளவ்பாக்ஸ் (வெளிக்காற்று புகாமல் மூடி, கையுறை வழியாக உள்ளே வேலை செய்யும் பெட்டி) இல்லாமல் வேலை செய்கிறவர்களையும், முறை வைத்துக் காத்திருந்து பாதி நாளைக்கு மட்டும் க்ளவ்பாக்ஸ் கிடைக்கிறவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறோம்.

சதவீதத்தை நம்பாதீர்கள்

கட்டுரைகளில் 'ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே' என்று ஒரு வரி இருக்கும். கத்திரி வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு நம் ஹைக்ரோமீட்டரும் 30தான் காட்டும். இரண்டும் ஒன்றென்று நினைப்பதுதான் முதல் தப்பு. அந்தக் கட்டுரை எழுதப்பட்ட அறையின் வெப்பம் 22 டிகிரி. அங்கே 30 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 6 கிராம் நீராவி. இங்கே 40 டிகிரியில் அதே 30 சதவீதம் என்றால் 15 கிராம். ஐப்பசி மழையில் 26 டிகிரி, 85 சதவீதம் என்றால் 20 கிராமைத் தாண்டும். பிலிமுக்குத் தெரிவது இந்த கிராம் கணக்குதான்.

ஆகவே நோட்டில் எழுதவேண்டியது பனிநிலை, அதாவது எந்த வெப்பத்துக்குக் குளிர்ந்தால் காற்று வியர்க்கத் தொடங்கும் என்ற எண். 22 டிகிரியும் 30 சதவீதமும் சேர்ந்தால் பனிநிலை சுமார் 4 டிகிரி. மே மாத மத்தியானம் 19. நவம்பரில் 23. இது ஏன் முக்கியம் என்றால், சுழலும் பிலிமின் மேல் ஆன்டிசால்வென்ட் (கரைசலிலிருந்து படிகத்தைப் பிரிய வைக்கும் திரவம்) ஊற்றியதும் அது விருட்டென்று ஆவியாகும். ஆவியாகும்போது பிலிமின் மேற்பரப்பு சில டிகிரி குளிர்ந்துபோகும். பனிநிலை 4 ஆக இருக்கும் அறையில் அதனால் ஒன்றும் ஆகாது. 23 ஆக இருக்கும் அறையில், ஏ.சி. 25இல் ஓடிக்கொண்டிருந்தால், இரண்டு டிகிரி குளிர்ந்தாலே போதும்: ஐஸ் மோர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோல பிலிம் வியர்த்துவிடும். கண்ணுக்குப் பால் தெளித்த மாதிரி ஒரு வெண்மை தெரியும். அதைப் பார்த்து 'ஆன்டிசால்வென்ட் சரியில்லை' என்று பாட்டிலை மாற்றுகிறவர்கள் அதிகம்.

ஹைக்ரோமீட்டரையும் சும்மா நம்ப முடியாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் கருவி ஐந்து சதவீதம் முன்னே பின்னே காட்டுவது சகஜம். சரிபார்ப்பது சுலபம்: சோடியம் குளோரைடை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, ஈரமான மணல் பதத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஹைக்ரோமீட்டரோடு காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடிவையுங்கள். காலையில் 75 காட்டவேண்டும். மக்னீசியம் குளோரைடு வைத்தால் 33. முதலாவதற்குக் கல்லுப்பு வேண்டாம். அதில் மக்னீசியம் உப்பு கலந்திருப்பதால் எண் தப்பும். ஆய்வகத்து உப்பே வேண்டும்.

ஏ.சி. காற்றை உலர்த்தும் என்பது பாதி உண்மை. கம்ப்ரசர் ஓடும்போது உலர்த்தும். அறை குளிர்ந்து கம்ப்ரசர் நின்று விசிறி மட்டும் ஓடினால், காயிலில் தேங்கிய தண்ணீர் திரும்ப அறைக்குள் ஆவியாகும். பத்து நிமிடத்தில் ஹைக்ரோமீட்டர் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரே நாளில், ஒரே கரைசலில், மூன்றாவது கண்ணாடி நன்றாக வந்து ஆறாவது கெட்டுப்போவதற்கு இதுவே பலமுறை காரணம். விசிறியை 'ஆட்டோ'வில் வையுங்கள். தனியாக ஒரு டீஹ்யூமிடிஃபையர் வாங்க முடிந்தால் அடுத்த சேர்மானத்துக்கு வைத்திருக்கும் பணத்தை அதில் போடுங்கள். கரண்ட் போய் வந்த நாளில், அறை பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியாவது கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இதைவிட நல்லது, கண்ணாடியைச் சுழற்றிக் கரைசலைப் பரப்பும் ஸ்பின் கோட்டரை மட்டும் மூடும் ஓர் உலர் பெட்டி. 60 செ.மீ. நீளம், 45 அகலம், 40 உயரம் என்றால் சுமார் 108 லிட்டர். 6 மி.மீ. அக்ரிலிக் போதும், மீன்தொட்டி செய்கிறவர்களே ஒட்டித் தருவார்கள். கை விட இரண்டு ஓட்டை, கையுறை வளையம், மேலே ஒரு வெளியேற்றக் குழாய். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று முதலில் தண்ணீர் பிடிக்கும் பாத்திரம், பிறகு எண்ணெய் வடிகட்டி, பிறகு 1 கிலோ சிலிக்கா ஜெல், கடைசியில் மாலிக்யூலர் சீவ் (மிச்ச ஈரத்தையும் பிடிக்கும் நுண்துளை மணிகள்) என்ற வரிசையில் கடந்து உள்ளே வரவேண்டும். நிமிடத்துக்கு 20 லிட்டர் விட்டால், கசிவு இல்லாத பெட்டியில் பதினாறு நிமிடத்தில் மூன்று பெட்டிக் கொள்ளளவு காற்று மாறி, பழைய ஈரத்தில் இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சும். நடைமுறையில் அரை மணி வையுங்கள், கசிவு இல்லாத பெட்டி என்று ஒன்று கிடையாது. மழைக்காலக் காற்றில் இந்த வேகத்துக்கு மணிக்குச் சுமார் 24 கிராம் தண்ணீர் சிலிக்காவில் ஏறும். 1 கிலோ சிலிக்கா நல்ல உலர்வோடு நாலைந்து மணிநேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் நிறம் மாறிவிட்டால் 120 டிகிரி ஓவனில் மூன்று மணிநேரம். மாலிக்யூலர் சீவுக்கு 250க்கு மேல் வேண்டும். அதைச் சிலிக்காவோடு ஒரே தட்டில் போட்டு 120இல் வறுப்பது வீண் வேலை.

பெட்டி வைத்தவர்கள் மறந்துபோகும் ஒன்று உண்டு. முதல் கண்ணாடிக்கு ஆன்டிசால்வென்ட்டாக ஊற்றிய குளோரோபென்சீனின் ஆவி பெட்டிக்குள்ளேயே சுற்றும். இரண்டாவது, மூன்றாவது கண்ணாடிகள் அந்த ஆவியில் மெதுவாக உலரும். அதனால் முதல் கண்ணாடிக்குப் பொருந்திய விநாடி நான்காவதுக்குப் பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் நடுவே மூன்று நான்கு நிமிடம் காற்று ஓடட்டும். வெளியேற்றக் குழாயை ஃப்யூம் ஹுட்டுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டுக்குள்) விடுங்கள்.

கண்ணாடி

இதில் சொல்ல அதிகம் இல்லை, செய்யத்தான் அதிகம். எஃப்.டி.ஓ. அல்லது ஐ.டி.ஓ. கண்ணாடியை (மின்சாரம் கடத்தும் ஆக்சைடு பூசியது) 2 சதவீத சோப்புக் கரைசல், டிஸ்டில்டு வாட்டர், அசிட்டோன், ஐசோப்ரொப்பனால் என்ற வரிசையில் தலா 15 நிமிடம் சோனிகேட் செய்து (ஒலியலையால் அதிரவைத்துக் கழுவி), யு.வி. ஓசோனில் 15 நிமிடம். சோப்பைக் கழுவக் குழாய்த் தண்ணீர் பிடிப்பவர்கள் கவனிக்கவேண்டும்: நம் போர் தண்ணீரில் உப்பு அதிகம், உலர்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி விழும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றிலும் பிறகு ஒரு பின்ஹோல், அதாவது பிலிமில் ஊசித்துளை, பிறக்கும். கம்ப்ரசர் காற்றால் உலர்த்தினால் நுண்ணிய எண்ணெய்த் துளி ஒட்டும். நைட்ரஜன் சிலிண்டர் காற்றே பாதுகாப்பு.

சோதிக்க ஒரு மாதிரிக் கண்ணாடியை எடுத்து அதில் வாயால் ஊதிப் பாருங்கள். ஆவி ஒரே சீராகப் படிந்து ஒரே சீராக மறைந்தால் சுத்தம். விரல் ரேகை, கோடு, தீவு எதுவும் தெரிந்தால் அந்தத் தொகுதியையே திரும்பச் சோப்பில் போடுங்கள். ஊதிப் பார்த்த கண்ணாடியில் மட்டும் பூசாதீர்கள்.

கண்ணாடிமேல் முதல் அடுக்கு, எலக்ட்ரானைக் கடத்தும் டின் ஆக்சைடு என்றால், 15 சதவீதக் கொலாய்டை (நுண்துகள் மிதக்கும் திரவத்தை) ஒன்றுக்கு ஐந்து பங்கு தண்ணீரில் கலந்து 2.5 சதவீதமாக்கி, வடிகட்டி, 3000 ஆர்.பி.எம்.மில் 30 விநாடி, 150 டிகிரியில் 30 நிமிடம். ஆறியபின் மறுபடி ஓசோன் காட்டி உடனே பெரோவ்ஸ்கைட்டுக்குப் போகவேண்டும். ஒரு மணிநேரம் மேசையில் கிடந்தால் கரைசல் பரவுவதில் வித்தியாசம் தெரியும். 'ஆறியபின்' என்பதை அழுத்திச் சொல்கிறோம். கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும் கண்ணாடியில் சால்வென்ட் (கரைப்பான்) சீக்கிரம் போய்விடும், உங்கள் விநாடிக் கணக்கு தப்பும்.

கரைசல்

உதாரணத்துக்கு 2016இல் வெளிவந்து உலகம் முழுக்கப் புழங்கும் மூன்று கேட்டயான் (சீசியம், ஃபார்மமிடினியம், மெத்தில்அம்மோனியம் என்ற நேர்மின் அயனிகள்) கலவையை எடுத்துக்கொள்வோம். 1 மி.லி.க்கு லெட் (ஈய) அயோடைடு 507 மி.கி., லெட் புரோமைடு 81 மி.கி., ஃபார்மமிடினியம் அயோடைடு 172 மி.கி., மெத்தில்அம்மோனியம் புரோமைடு 22.4 மி.கி. இவை 0.8 மி.லி. டி.எம்.எஃப்., 0.2 மி.லி. டி.எம்.எஸ்.ஓ. என்ற இரண்டு சால்வென்ட்களின் கலவையில். தனியாக 390 மி.கி. சீசியம் அயோடைடை 1 மி.லி. டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்து, அதிலிருந்து 42 மைக்ரோலிட்டரை மேலே சொன்ன 1 மி.லி.யில் சேர்க்கவேண்டும்.

இந்தக் கணக்கில் ஈயம் 1.32 மில்லிமோல்; மற்ற கேட்டயான்கள் எல்லாம் சேர்ந்து 1.263. ஈயம் 4.5 சதவீதம் கூடுதல். அது வேண்டுமென்றே வைத்தது; கொஞ்சம் மிஞ்சும் லெட் அயோடைடு கிரெய்ன்களின் (சிறு படிகத் துண்டுகளின்) ஓரங்களில் உட்கார்ந்து குறைகளை மூடுகிறது. ஆனால் திறந்து திறந்து மூடிய பாட்டிலில் ஃபார்மமிடினியம் அயோடைடு 3 சதவீதம் தண்ணீர் குடித்திருந்தால் என்ன ஆகும்? நீங்கள் போட்டது 172. உண்மையில் போனது 167 சொச்சம். கூடுதல் 4.5இலிருந்து 7 சதவீதமாகிவிட்டது. எக்ஸ்.ஆர்.டி.யில் (படிகத்தை அடையாளம் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனையில்) லெட் அயோடைடு உச்சம் திடீரென்று உயர்ந்ததற்கு நீங்கள் அனீலிங்கை (ஹாட்பிளேட்டில் சூடாக்குவதை) திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எதிர்த்திசைத் தப்பு இதைவிட மோசம். லெட் அயோடைடு முழுக்கக் கரையாமல் அடியில் கொஞ்சம் தங்கி, அதை வடிகட்டித் தூக்கி எறிந்துவிட்டால் கரிம உப்பு மிகுதியாகிவிடும். அந்தப் பிலிம் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். ஈரத்தை இழுத்துக்கொண்டு சில நாளில் நிறம் வெளுக்கத் தொடங்கும்.

எடை போடும் வரிசையை மாற்றுவது இதற்கெல்லாம் எளிய மருந்து. ஈரம் இழுக்கும் உப்பை முதலில், மூடியோடு எடைபோட்ட வையலில் (சின்னக் குப்பியில்) நேரே தட்டி, மூடி, உடனே எடை பாருங்கள். 172க்குப் பதில் 176 வந்துவிட்டதா? திரும்ப அள்ளாதீர்கள், அள்ள அள்ள அது காற்றைக் குடிக்கும். 176ஐ 172ஆல் வகுத்தால் 1.023. எல்லாவற்றையும் அதால் பெருக்குங்கள்: லெட் அயோடைடு 519 மி.கி., சால்வென்ட் 1.023 மி.லி., மற்றவையும் அப்படியே. லெட் உப்புகள் ஈரத்தைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, அவற்றை நிதானமாகப் போடலாம். பாட்டிலை மொத்தமாக வைத்து அடிக்கடி திறப்பதைவிட, வாங்கிய அன்றே உலர்ந்த இடத்தில் 1 கிராம் வையல்களாகப் பிரித்துவிடுவது மேல்.

60 டிகிரியில் ஒன்றிரண்டு மணிநேரம் கலக்கினால் போதும். ராத்திரி முழுக்க 70 டிகிரியில் விட்டுப்போகும் பழக்கம் கெட்டது: ஈரம் கலந்த டி.எம்.எஃப். சூட்டில் உடைந்து டைமெத்தில்அமீனும் ஃபார்மிக் அமிலமும் ஆகும். அந்த அமீன் படிகத்துக்குள் நுழையும். கூடவே மெத்தில்அம்மோனியமும் ஃபார்மமிடினியமும் கரைசலிலேயே ஒன்றோடொன்று வினைபுரியத் தொடங்கும். கலக்கிய அன்றோ மறுநாளோ தீர்த்துவிடுங்கள். நல்ல கரைசல் பளிச்சென்ற மஞ்சள். செம்மஞ்சள் ஏறினால் அயோடைடு அயோடினாகிக்கொண்டிருக்கிறது. வடிகட்ட பி.டி.எஃப்.இ. ஃபில்டர் மட்டும், பி.வி.டி.எஃப்., செல்லுலோஸ் அசிட்டேட் இரண்டும் டி.எம்.எஃப்.பில் கரைந்து கரைசலிலேயே கலந்துவிடும்.

டி.எம்.எஸ்.ஓ. 18.5 டிகிரியில் உறையும். ஏ.சி.யை 18இல் வைத்த அறையில் காலையில் பாட்டிலுக்குள் பாதி கட்டி, பாதி திரவமாக நிற்கும். அவசரத்தில் அந்தத் திரவத்தை ஊற்றி எடுக்காதீர்கள். உறையும்போது சுத்தமான பகுதிதான் கட்டியாகும். தண்ணீரெல்லாம் மிஞ்சிய திரவத்துக்குத் தள்ளப்படும். பாட்டிலின் ஈரம் முழுவதையும் திரட்டி நீங்கள் பிப்பெட்டில் எடுக்கிறீர்கள் என்று அர்த்தம். முழுக்க உருக்கி, குலுக்கி, பிறகு எடுங்கள்.

அந்த முப்பது விநாடி

2016 கலவையின் மூலக் குறிப்பில் 1000 ஆர்.பி.எம்.மில் 10 விநாடி, 6000இல் 20 விநாடி; முடிய 5 விநாடி இருக்கும்போது, அதாவது 25ஆவது விநாடியில், 100 மைக்ரோலிட்டர் குளோரோபென்சீன். இந்த 25 அவர்கள் அறைக்கு உரிய எண். உங்கள் அறைக்கு உரியதை நீங்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

செய்முறை எளிது. ஸ்பின் கோட்டருக்குச் சாய்வாக ஒரு வெள்ளை விளக்கு வையுங்கள். ஒரு கண்ணாடியில் ஆன்டிசால்வென்ட் ஊற்றாமலே சுழலவிட்டுக் கவனியுங்கள். முதலில் வானவில் வளையங்கள் நடுவிலிருந்து ஓரத்துக்கு வேகமாக ஓடும். பிறகு ஓட்டம் தளரும். பிறகு நிறம் நின்றுவிடும். சற்றுப் பொறுத்துத் திடீரென்று ஒரு மங்கல் பரவும். அந்த மங்கல் வரும் விநாடிதான் படிகம் தானாகப் பிறக்கும் தருணம். அதற்கு எட்டு, ஆறு, நான்கு, இரண்டு விநாடி முன்னதாக ஒன்று, மங்கும் அதே விநாடியில் ஒன்று என்று ஐந்து கண்ணாடியில் ஊற்றிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து விநாடி முன்னதாக ஊற்றியது ஜெயிக்கும். அந்த விநாடியோடு அறை வெப்பத்தையும் பனிநிலையையும் எழுதிவையுங்கள். கத்திரிக்கு ஒரு எண், மார்கழிக்கு ஒரு எண் இருக்கும். 34 டிகிரி அறையில் டி.எம்.எஃப். வேகமாகப் போய்விடுவதால் மங்கல் பல விநாடி முன்னதாகவே வரும். 25 வரைக்கும் காத்திருந்தவருக்குக் கிடைப்பது சாம்பல்தான்.

ஏன் இப்படி? சுழலும்போது முதலில் டி.எம்.எஃப். வெளியேறுகிறது. டி.எம்.எஸ்.ஓ. லெட் அயோடைடைப் பிடித்துக்கொண்டு ஒரு இடைநிலைச் சேர்மமாக நிற்கிறது. அது படிகமாவதைச் சற்றுத் தள்ளிப்போடும் கடிவாளம். ஆன்டிசால்வென்ட் மிச்ச டி.எம்.எஃப்.பைத் துடைத்தெடுத்து எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் படிகக் கருக்களை உண்டாக்குகிறது. முன்னதாக ஊற்றினால் கரைசல் இன்னும் நீர்த்திருக்கும். கருக்கள் குறைவு, இடைவெளி அதிகம், பின்ஹோல். பிந்தி ஊற்றினால் ஆங்காங்கே படிகம் முளைத்துவிட்டிருக்கும்; மேடு பள்ளம், மங்கல். ஊற்றவே இல்லையென்றால், முக்கியமாக மெத்தில்அம்மோனியம் லெட் அயோடைடில், ஆரணிப் பட்டு நூல்போல நீள நீளமாக இழையோடிய சாம்பல் படலம் வரும். பார்க்க அழகுதான், ஆனால் இழைகளுக்கு நடுவே வெறும் கண்ணாடி.

பிப்பெட் டிப் கண்ணாடிக்கு மேலே ஒன்று, ஒன்றரை செ.மீ. உயரத்தில், நேரே நடுவில். ஊற்றும் வேகம் திரவத்துக்குத் திரவம் மாறும். ஐசோப்ரொப்பனால் போன்ற ஆல்கஹால்களைப் படக்கென்று ஒரே அழுத்தில் ஊற்றி முடிக்கவேண்டும், இழுத்தால் கரிம உப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும். மெசிட்டிலீன் போன்றவை மெதுவாக ஊற்றினால்தான் டி.எம்.எஃப்.போடு கலக்க அவகாசம் கிடைக்கும். குளோரோபென்சீன், அனிசோல் இரண்டும் கையின் குறையைப் பொறுத்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அனிசோலைச் சொல்வோம்: 154 டிகிரியில் கொதிப்பதால் அவசரப்பட்டு ஆவியாகாது, குளோரின் இல்லாததால் கழிவும் கொஞ்சம் லேசு.

டை எத்தில் ஈதரை மட்டும் இந்த ஊரில் தவிர்த்துவிடுங்கள். அது கொதிப்பது 34.6 டிகிரியில். மே மாதம் ஏ.சி. இல்லாத அறையில் மூடியைத் திறந்தாலே அது கொதிநிலைக்கு மேலே நிற்கிறது. பிப்பெட்டில் ஏற்றினால் உள்ளே ஆவி தள்ளித் தானாகச் சொட்டும். சொட்டு விழுந்த பிலிமில் அம்மைத் தழும்புபோல வட்டம் விழும். சுமார் 160 டிகிரியில் தானாகவே பற்றிக்கொள்ளும் திரவம் அது. பக்கத்தில் 150 டிகிரி ஹாட்பிளேட் வைத்துக்கொண்டு மூடிய பெட்டிக்குள் அதைப் புழங்குவது வேண்டாத வேலை. மழைக்காலத்தில் ஆன்டிசால்வென்ட்டையே விட்டுவிட்டு, உலர் நைட்ரஜனை ஒரு நாசில் வழியாக அதே விநாடியில் ஊதுவது நல்ல மாற்று. பிலிமைச் சுற்றிய ஈரக் காற்றையும் அதுவே விரட்டுகிறது.

சுழற்சி முடிந்ததும் பிலிம் இளம் பழுப்பில், ஊடே பார்க்கும்படி தெளிவாக இருக்கவேண்டும். அப்போதே கறுத்திருந்தால் காலம் கடந்துவிட்டது. தழும்புகளும் பேசும். வால்நட்சத்திரம்போல வெளிநோக்கி இழுத்த கோட்டின் தலையில் ஒரு தூசி இருக்கும். குவாரித் தூசியும் நெடுஞ்சாலைப் புழுதியும் நம் பக்கத்தில் அதிகம், அறையில் சீலிங் ஃபேன் ஓடினால் நிச்சயம். நடுவில் ஒரு வட்டம் சரியாக ஸ்பின் கோட்டரில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் சக்கின் அளவில் தெரிந்தால், சக் கண்ணாடியைவிடக் குளிராகவோ சூடாகவோ இருந்தது. நடுவில் சின்னதாகக் கரைந்த குழி என்றால் டிப் தாழ்ந்துவிட்டது அல்லது அழுத்தம் கூடிவிட்டது.

ஹாட்பிளேட்டும் தம்மும்

சுழற்சி நின்றதிலிருந்து ஹாட்பிளேட்டுக்கு எப்போதும் ஒரே இடைவெளி, ஐந்து விநாடி என்றால் ஐந்து. இந்தக் கலவைக்கு 100 டிகிரியில் ஒரு மணிநேரம். டிஸ்ப்ளே 100 காட்டினாலும் 2.2 மி.மீ. எஃப்.டி.ஓ. கண்ணாடியின் மேற்பரப்பு அதைவிடக் குறைவாகவே இருக்கும், பிளேட்டின் ஓரம் இன்னும் குறையும், ஏ.சி. காற்று நேரே அடித்தால் கேட்கவே வேண்டாம். ஒரு தெர்மோகப்பிளை வெற்றுக் கண்ணாடியில் காப்டன் டேப்பால் ஒட்டி ஒருமுறை ஒன்பது இடத்தில் அளந்து, பிளேட்டின் மேல் வரைபடம் எழுதிவையுங்கள். ஃபார்மமிடினியம் லெட் அயோடைடு மட்டும் என்றால் 150 டிகிரி வேண்டும், இல்லாவிட்டால் சோலார் செல்லுக்கு உதவாத மஞ்சள் டெல்டா நிலையிலேயே நிற்கும்; மெத்தில்அம்மோனியம் குளோரைடு 30 முதல் 40 மோல் சதவீதம் சேர்ப்பது வழக்கம். சூடு மிஞ்சினாலோ நேரம் மிஞ்சினாலோ கரிமப் பகுதி பறந்து மஞ்சள் தட்டும். மேலே தெரிவதற்கு முன்பே கண்ணாடிப் பக்கம் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சால்வென்ட் அனீலிங்கை ஆம்பூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கவேண்டியதே இல்லை. அது தம் போடுவதுதான். பிலிமுக்குப் பக்கத்தில் 10 மைக்ரோலிட்டர் டி.எம்.எஃப். அல்லது டி.எம்.எஸ்.ஓ. சொட்டி, பெட்ரி டிஷ்ஷைக் கவிழ்த்து மூடினால், அந்த ஆவியில் சின்ன கிரெய்ன்கள் கரைந்து பெரியவற்றோடு சேரும். சொட்டு அதிகமானாலோ நேரம் நீண்டாலோ பெரிய கிரெய்ன்களுக்கு நடுவே பள்ளம் திறந்துவிடும். பத்து நிமிடத்தில் தொடங்கிப் பாருங்கள். ஏற்கெனவே பின்ஹோல் உள்ள பிலிமைத் தம் போட்டுக் காப்பாற்ற முடியாது, ஓட்டை பெரிதாகத்தான் ஆகும்.

எக்ஸ்.ஆர்.டி.யில் வழக்கமான தாமிரக் கதிருக்கு 12.7 டிகிரியில் உச்சம் வந்தால் மிஞ்சிய லெட் அயோடைடு; 11.8இல் வந்தால் டெல்டா நிலை. 14க்கு அருகே வருவதுதான் நமக்கு வேண்டியது. மெத்தில்அம்மோனியம் லெட் அயோடைடில் 8.5, 10.5 என்று கீழே இரண்டு முளைத்தால் நீரேறிய படிகம், சாம்பிளை எக்ஸ்.ஆர்.டி. அறைக்கு மழையில் கொண்டுபோன வழியைச் சந்தேகியுங்கள். எஸ்.இ.எம்.மில் (எலக்ட்ரான் நுண்ணோக்கியில்) 5 கிலோவோல்ட்டுக்குள் வேலையை முடியுங்கள். ஒரே இடத்தில் ஃபோகஸ் செய்துகொண்டே இருந்தால் கற்றையே பிலிமைச் சிதைத்து, இல்லாத பின்ஹோலைக் காட்டும். வெள்ளை வெள்ளையாகப் பளிச்சிடும் செதில் லெட் அயோடைடு. கிரெய்ன் அளவை மட்டும் பெருமையாக அளந்துகொண்டிருப்பதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஒரு மைக்ரான் கிரெய்னும் பத்து பின்ஹோலும் உள்ள பிலிமைவிட, 300 நானோமீட்டர் கிரெய்னோடு ஓட்டையே இல்லாத பிலிம் மேல்.

மேற்பரப்புப் பாதுகாப்பும் அப்படித்தான். ஃபெனெத்தில்அம்மோனியம் அயோடைடை ஐசோப்ரொப்பனாலில் மி.லி.க்கு 5 மி.கி. கரைத்து 5000 ஆர்.பி.எம்.மில் பூசினால் வோல்டேஜ் ஏறும். ஆனால் ஓட்டை இல்லாத பிலிம் வரிசையாக எட்டு வந்த பிறகுதான் அந்த பாட்டிலைத் திறக்கவேண்டும். அதற்கு முன் திறந்தால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமலே போகும்.

கிண்ணத்தில் மிஞ்சும் ஈயம்

இரண்டரை செ.மீ. சதுரக் கண்ணாடியில் 50 மைக்ரோலிட்டர் விடுகிறீர்கள். அதில் ஈயம் சுமார் 13.7 மி.கி. அரை மைக்ரான் தடிமனுள்ள பிலிமில் தங்குவது 0.4 மி.கி. சொச்சம். நூற்றில் 97 பங்கு ஸ்பின் கோட்டர் கிண்ணத்தின் சுவரில் இருக்கிறது. ராணிப்பேட்டைக் குரோமியத்தையும் தோல் ஷாப் கழிவு பாலாற்றுக் கிணறுகளுக்குச் செய்ததையும் பார்த்த ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சின்க்கில் கழுவினால் மஞ்சளாகப் படிந்துவிடும், அதை அள்ளிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். லெட் அயோடைடு தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 0.76 கிராம் கரையும். ஈயக் கணக்கில் 340 மி.கி. குடிநீருக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.01 மி.கி. ஆகவே தண்ணீரே வேண்டாம். வேலை தொடங்குமுன் கிண்ணத்தில் அலுமினியத் தாள் விரியுங்கள். முடிந்ததும் தாளை மடித்து, டி.எம்.எஃப். நனைத்த டிஷ்யூவால் சுவரைத் துடைத்து, டிப், ஃபில்டர், கையுறை, கெட்ட கண்ணாடி எல்லாவற்றையும் ஜிப் பையில் போட்டு 'ஈயம்' என்று பெரிதாக எழுதுங்கள். திரவக் கழிவில் குளோரோபென்சீன் கலந்ததைத் தனி பாட்டிலில் வையுங்கள். இரண்டும் அங்கீகாரம் பெற்ற அபாயக் கழிவு நிலையத்துக்குத்தான் போகவேண்டும். நைட்ரைல் கையுறையை டி.எம்.எஃப். சில நிமிடத்தில் கடந்துவிடும், ஈயத்தையும் தோலுக்குள் கூட்டிக்கொண்டு போகும். கையில் ஒரு சொட்டுப் பட்டால், பூசிக்கொண்டிருக்கும் பிலிமை விட்டுவிட்டு முதலில் கையுறையைக் கழற்றி மாற்றுங்கள்.